நரம்பு அறுபடவில்லை, முகமும் அசையவில்லை: மாசெட்டர் நரம்பு மாற்று – ஒரு நிகழ்வு ஆய்வு

அசையாத முகத்துக்கு, கடிக்கும் தசையான மாசெட்டரின் நரம்பைக் கொடுத்து அசைவூட்டும் அறுவை பற்றியது இது. கற்பித்தலுக்காக அமைக்கப்பட்ட நிகழ்வு. எந்தத் தனிநபரையும் குறிக்காது. ஆனால் வரிசை, அளவுகள், சிக்கல்கள் எல்லாம் இத்தகைய நோயாளிகளிடம் வழக்கமாகக் காணப்படுபவை.

நோயாளி 52 வயதுப் பெண். இடப்பக்க வெஸ்டிபுலர் ஷ்வானோமா (காதின் சமநிலை நரம்பின் உறையில் வளரும், புற்றல்லாத கட்டி), 3.4 செ.மீ. காதுக்குப் பின்புறம் மண்டையோட்டைத் திறந்து கட்டி முழுவதும் எடுக்கப்பட்டது. முகநரம்பு கட்டியின் மேல் மெல்லிய பட்டையாக விரிந்து கிடந்தது. அதை அறுக்காமல் பிரித்தெடுத்தார்கள். ஆனால் முடிவில் மூளைத்தண்டின் அருகே நரம்பைத் தூண்டிப் பார்த்தபோது 0.3 மில்லிஆம்பியர் வரை முகத் தசைகளிடமிருந்து பதில் வரவில்லை. மறுநாள் நெற்றி, கண், கன்னம், உதடு என இடப்பக்கம் முழுதும் அசைவற்றிருந்தது. ஹவுஸ்–பிராக்மேன் அளவுகோலில் ஆறாம் நிலை, அதாவது முழுமையான முகவாதம். குரலும் சற்றுக் கரகரத்தது. இடது குரல்நாண் பலவீனமாக இருப்பது தொண்டைப் பரிசோதனையில் தெரிந்தது. இந்தக் குரல்நாண் விஷயம் பின்னால் பெரிய முடிவு ஒன்றைத் தீர்மானிக்கப் போகிறது.

எவ்வளவு காலம் காத்திருக்கலாம்

"நரம்பு அறுபடவில்லை, தானாக வரும்" என்று நோயாளியிடம் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு கெடு இருக்க வேண்டும். இந்தத் துறையில் முகங்கள் வீணாவதற்கு முதல் காரணம் கத்தி தவறுவதல்ல, கெடு இல்லாத காத்திருப்பு.

கணக்கு எளிது. ஆக்ஸான், அதாவது நரம்பிழை, நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். மூளைத்தண்டிலிருந்து கன்னத் தசை வரை முகநரம்பின் பாதை ஏறக்குறைய 12 முதல் 14 செ.மீ. அடிபட்ட இடத்திலிருந்து உயிருள்ள ஆக்ஸான்கள் கிளம்பியிருந்தால், நான்கைந்து மாதத்தில் கன்னத்தில் ஏதாவது துடிப்போ இறுக்கமோ தெரிய வேண்டும். ஆறு மாதம் கழிந்தும் ஒன்றும் இல்லையென்றால், பிறகு வருவது பெரும்பாலும் பலவீனமாகவும் குழம்பியதாகவும்தான் இருக்கும். மறுபக்கம், நரம்பிழந்த தசை நமக்காகக் காத்திருப்பதில்லை. நரம்பு வந்து தொடும் முனைத்தகடுகள் தேய்ந்து, தசை நார் சுருங்கி, இடையில் நார்த்திசு பெருகும். 12 முதல் 18 மாதத்துக்குள் புது நரம்பு வந்து சேராவிட்டால், அந்தத் தசையை எழுப்புவது கடினம். அதற்குப் பிறகு நரம்பு மாற்று என்ற பேச்சே இல்லை. தொடையிலிருந்து கிராசிலிஸ் தசையை எடுத்துக் கன்னத்தில் வைக்கும் பெரிய அறுவைக்குப் போக வேண்டியிருக்கும். எனவே ஆறாம் மாதத்தில் முடிவெடுத்தால்தான் எட்டாம் மாதத்துக்குள் அறுவை செய்து, பன்னிரண்டாம் மாதத்துக்குள் தசையைத் தொட முடியும்.

இந்த நோயாளிக்கு மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ஊசி ஈஎம்ஜி (தசைக்குள் ஊசி வைத்து அதன் மின் அலைகளைப் பதியும் சோதனை) எடுக்கப்பட்டது. இரண்டிலும், நரம்பிழந்த தசை நார் தானாகத் துடிப்பதைக் காட்டும் ஃபிப்ரிலேஷன் அலைகள் இருந்தன. சிரிக்க முயன்றபோது ஒரு மோட்டார் யூனிட்கூட (ஒரு நரம்பிழையும் அது இயக்கும் தசை நார்களும்) எழவில்லை. இதைச் சரியாகப் படிக்க வேண்டும். ஃபிப்ரிலேஷன் தெரிவது நல்ல செய்தி: நரம்பு இல்லை, ஆனால் தசை உயிரோடு இருக்கிறது. ஊசி வைத்த இடத்தில் முழு மௌனம் என்றால் தசையே நார்த்திசுவாகிவிட்டிருக்கலாம். பல முனைகள் கொண்ட பாலிஃபேசிக் அலைகள் புதிதாகத் தோன்றியிருந்தால், சொந்த நரம்பு திரும்பிக் கொண்டிருக்கிறது. அப்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டு இன்னும் சில வாரம் பொறுக்கலாம். இவரிடம் முதல் வகை மட்டுமே. ஏழாம் மாதத்துக்கு அறுவை நிச்சயமானது.

அதுவரை கண்

முகம் அசையாததைவிட அவசரமானது கண். இமை மூடாத கண்ணில் கருவிழிப்படலம் உலர்ந்து புண்ணாகும். ஷ்வானோமா நோயாளிகளிடம் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. பெரிய கட்டி ஐந்தாம் மண்டை நரம்பையும் அழுத்தியிருந்தால் கருவிழியின் உணர்ச்சி குறைந்திருக்கும், புண் வந்தாலும் வலிக்காது. வலிக்கவில்லை என்பதால் நோயாளி வரமாட்டார். பஞ்சு நுனியால் இரண்டு கண்களையும் தொட்டு ஒப்பிட அரை நிமிடம் போதும். இவருக்கு இடப்பக்கம் உணர்ச்சி லேசாகக் குறைந்திருந்தது. எனவே பகலில் பாதுகாப்புப் பொருள் கலக்காத சொட்டு மருந்து, இரவில் களிம்பும் டேப்பும், ஐந்தாம் வாரத்தில் மேலிமைக்குள் 1.2 கிராம் பிளாட்டினம் எடை.

எடையைத் தேர்வது பட்டியல் பார்த்து அல்ல. நோயாளியை உட்கார வைத்து, வெவ்வேறு எடைகளை மேலிமையின் வெளிப்புறம் ஒட்டிப் பார்க்க வேண்டும். இமை மூடவும் வேண்டும், திறந்திருக்கும்போது ஒன்றிரண்டு மி.மீ.க்கு மேல் தொங்கவும் கூடாது. எடை வேலை செய்வது புவியீர்ப்பால் என்பதால், படுத்தால் அது உதவாது. எடை வைத்த பிறகும் இரவுக் களிம்பு தொடர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிளாட்டினமும் தங்கமும் காந்தத்துக்கு இழுபடாதவை. கட்டி மீண்டும் வருகிறதா என்று ஆண்டுக்கணக்கில் எம்ஆர்ஐ எடுக்கப் போகிறவருக்கு இது முக்கியம்.

எந்த நரம்பைக் கொடுப்பது

முகநரம்புக்கு வேறொரு நரம்பைக் கொடுப்பது புதிய யோசனை அல்ல. 1895இல் சார்ல்ஸ் பாலன்ஸ் தோளுக்குப் போகும் பதினோராம் நரம்பை முகநரம்போடு இணைத்தார். தோளைத் தூக்கினால் முகம் அசைந்தது, தோள் பலமிழந்தது. 1901இல் கோர்ட்டே நாக்கு நரம்பான ஹைப்போகுளாசலை இணைத்தார். அது பல பத்தாண்டுகள் முதன்மையான முறையாக நின்றது. 1971இல் நல்ல பக்க முகநரம்பின் கிளையிலிருந்து ஒட்டு நரம்பை உதட்டின் குறுக்கே கொண்டுவரும் முறையை ஸ்காரமெல்லாவும் ஸ்மித்தும் தனித்தனியே வெளியிட்டார்கள். 1978இல் ஸ்பைரா மாசெட்டர் நரம்பைப் பயன்படுத்திய விவரத்தை எழுதினார். கடிக்கும் தசைக்குப் போகும் இந்த நரம்பு ஐந்தாம் மண்டை நரம்பின் கிளை.

இவரிடம் ஹைப்போகுளாசல் முதலிலேயே விலக்கப்பட்டது. அதை முழுதாக அறுத்து இணைத்தால் பாதி நாக்கு சுருங்கும். பாதியாகப் பிளந்தோ, பக்கவாட்டில் இணைத்தோ செய்யும் இன்றைய முறைகளில் அந்தப் பாதிப்பு குறைவுதான். ஆனால் இடது குரல்நாண் ஏற்கெனவே பலவீனம். அதே பக்கத்து நாக்கும் தளர்ந்தால் விழுங்குவது மூச்சுக்குழாய்க்குள் போகும். தொண்டையையும் குரலையும் இயக்கும் கீழ் மண்டை நரம்புகளைப் பார்க்காமல் நாக்கு நரம்பைத் தொடக்கூடாது. இரு பக்கமும் கட்டி வரக்கூடிய என்எஃப்2 என்ற மரபணு நோய் உள்ளவர்களிடமும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஒட்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நினைக்காமல் வரும் சிரிப்பை நம்பகமாகத் தருவது அதுதான், ஏனெனில் கட்டளை நல்ல பக்க முகநரம்பிலிருந்தே வருகிறது. ஆனால் கெண்டைக்கால் சூரல் நரம்பிலிருந்து 15 முதல் 20 செ.மீ. ஒட்டு வேண்டும். ஆக்ஸான்கள் அதைக் கடக்க ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். மறுமுனை வந்து சேர்பவை சில நூறுதான். ஏழு மாதத்தோடு இதைக் கூட்டினால் 16 முதல் 19 மாதம், அதாவது தசையின் கெடு முடியும் நேரம். தனியாக இதை நம்புவது இவருக்குப் பொருந்தாது. குறுக்கு ஒட்டு வந்து சேரும் வரை தசையை உயிரோடு வைக்க மாசெட்டரைத் தற்காலிகக் காவலாக வைத்து, குறுக்கு ஒட்டையும் சேர்த்துச் செய்வது ஒரு வழி. 52 வயதில் அந்தக் கூடுதல் அறுவையும் காலோரத்து மரப்பும் கிடைக்கும் பலனுக்குத் தகுமா என்று நோயாளியோடு பேசி, விட்டுவிட முடிவானது. 20 வயதுக்காரராக இருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

மிஞ்சியது மாசெட்டர். ஆயிரத்துக்கு மேற்பட்ட மோட்டார் ஆக்ஸான்கள், சேர வேண்டிய இடத்துக்கு மிக அருகில், ஒட்டு தேவையில்லை, எடுத்தால் கடிக்கும் பலத்தில் நோயாளி உணரும் குறை அரிது. ஆனால் ஐந்தாம் நரம்பின் உணர்ச்சிப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கும்போது இயக்கப் பகுதி நலமாக இருக்கிறது என்று ஊகித்துவிடக் கூடாது. தாடையில் விரல் வைத்துக் கடிக்கச் சொல்லி இரு பக்கமும் தசை திரள்வதை ஒப்பிட வேண்டும், மாசெட்டரில் ஈஎம்ஜி ஊசியும் வைக்க வேண்டும். இரண்டிலும் இவருக்குக் குறை இல்லை. செத்த நரம்பைக் கொடையாகக் கொடுத்தால் ஓராண்டு போய்விடும், தசையும் போய்விடும்.

மாசெட்டரின் பெருங்குறையையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அது அசைவைப் பலமாகத் தரும், ஓய்வு நிலை இறுக்கத்தைக் குறைவாகத்தான் தரும். சும்மா இருக்கும்போது கடைவாய் தொங்குவதை அது முழுதாகத் தூக்காது. நாக்கு நரம்பின் பலம் அந்த இடத்தில்தான்.

எங்கே இணைப்பது

முகநரம்பின் அடித்தண்டிலா, கிளையிலா? அடித்தண்டில் இணைத்தால் ஆக்ஸான்கள் நெற்றி, கண், உதடு, கழுத்து என எல்லாப் பக்கமும் சிதறும். கடித்தால் முகம் மொத்தமாகச் சுருங்கும். தொடர்ச்சி அறுபடாத நரம்பில் இன்னொரு நஷ்டமும் உண்டு: சொந்த நரம்பு வழியாகத் தாமதமாக வரக்கூடிய சிறு இறுக்கத்தையும் நிரந்தரமாக வெட்டியெறிகிறோம். எனவே சிரிப்புக்கான ஒரே ஒரு கிளையை மட்டும் வெட்டி, மற்றவற்றை அப்படியே விடுவது என்று திட்டம்.

அறுவை

மயக்கமருந்து மருத்துவரிடம் முந்தின நாளே பேச வேண்டிய ஒன்று: குழாய் செருகக் குறுகிய நேரத் தசைத்தளர்த்தி மட்டும், பிறகு எதுவும் வேண்டாம். தளர்த்தி உடலில் இருந்தால், நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கும் ஸ்டிமுலேட்டர் பொய் சொல்லும்.

காதுக்கு முன்னே தொடங்கித் தாடைக் கோணத்தின் கீழ் வரை வெட்டு. தோல் மடல், காதுக்கு முன்னுள்ள எச்சில் சுரப்பியான பரோட்டிட்டின் முன்விளிம்பைத் தாண்டி உயர்த்தப்பட்டது. முதல் தேடல், சிரிப்புக் கிளை. காதின் மேல்வளைவு முகத்தோடு சேரும் இடத்திலிருந்து கடைவாய்க்கு ஒரு கோடு. அதன் நடுப்புள்ளியைச் சூக்கர் புள்ளி என்பார்கள். கடைவாயை மேலே இழுத்துச் சிரிக்க வைக்கும் சைகோமாட்டிகஸ் மேஜர் தசைக்குப் போகும் கிளை அதன் அருகே சில மி.மீ. தூரத்துக்குள் இருக்கும்.

இங்கே புதியவர்கள் தடுமாறுவார்கள். ஆரோக்கியமான முகத்தில் கிளையைத் தூண்டி, எந்தத் தசை துடிக்கிறது என்று பார்த்துத் தேர்வு செய்யலாம். ஏழு மாதமாக நரம்பிழந்த முகத்தில் அது நடக்காது. வெட்டுண்டோ நசுங்கியோ மூன்று நாள் ஆன நரம்பின் வெளிமுனை மின்தூண்டலுக்குப் பதில் தருவதை நிறுத்திவிடும். எனவே பதில் வரவில்லை என்பதால் "இது நரம்பில்லை" என்று விட்டுவிடவோ, மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போகவோ கூடாது. உடற்கூறை மட்டுமே நம்ப வேண்டும். கிளையை முன்னோக்கிப் பின்தொடர்ந்து, அது சைகோமாட்டிகஸ் மேஜரின் அடிப்பரப்பில் நுழைவதைக் கண்ணால் பார்க்கும் வரை வெட்டக் கூடாது. கண்ணை நோக்கி மேலேறும் கிளையை எடுத்துவிட்டால், ஒவ்வொரு கவளத்துக்கும் கண் மூடும்.

அடுத்து மாசெட்டர் நரம்பு. அடையாளம்: காதுத் துளைக்கு முன்னுள்ள சிறு மேடான டிரேகஸுக்கு 3 செ.மீ. முன்னே, கன்ன எலும்பு வளைவுக்கு 1 செ.மீ. கீழே, தசையுறைப் படலத்திலிருந்து ஏறக்குறைய 1.5 செ.மீ. ஆழத்தில். தசை நார்களை அவற்றின் திசையிலேயே விலக்கிப் போக வேண்டும், குறுக்கே வெட்டினால் இரத்தம் வழிந்து எதுவும் தெரியாது. நரம்பு ஆழத்தில் மேலிருந்து கீழே, முன்னோக்கிச் சாய்ந்து ஓடுகிறது. கூடவே சிறு தமனியும் உண்டு. அது கசியத் தொடங்கினால் கண்மூடித்தனமாகச் சுட்டு அடைக்கக் கூடாது, ஏனெனில் நரம்பு அதற்கு ஒட்டியே இருக்கிறது. பஞ்சால் அழுத்திப் பொறுத்திருந்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் இருமுனைச் சூட்டுக்கருவியால் அடைக்க வேண்டும். இந்த நரம்பு உயிருள்ளது, ஸ்டிமுலேட்டர் இங்கே உண்மை பேசும். 0.5 மில்லிஆம்பியரிலேயே தாடை பளிச்சென்று கடித்தது.

நரம்பைக் கீழ்நோக்கி எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு பின்தொடர்ந்து வெட்டினால்தான் நீளம் கிடைக்கும். மேலே பிரியும் முதல் கிளைகள் விடப்பட்டன. அவை இருந்தால் தசை முழுதாகச் சுருங்கிக் கன்னம் குழிவது குறையும். கிடைத்தது 1.8 செ.மீ. சிரிப்புக் கிளையைப் பரோட்டிட்டுக்குள் பின்னோக்கிப் பின்தொடர்ந்து வெட்டி, இன்னும் ஒரு செ.மீ. சேர்த்தாயிற்று. இரண்டு முனைகளும் மேற்பரப்பில் தாராளமாகச் சந்தித்தன. நீளம் போதாதபோது ஒட்டு வைக்கத் தோன்றும். ஆனால் ஒட்டு வைத்தால் இணைப்பு இரண்டாகும், இரண்டிலும் ஆக்ஸான்கள் உதிரும். முதலில் இரு பக்கமும் இன்னும் விடுவித்துப் பார்ப்பதே நல்லது.

மைக்ரோஸ்கோப்பின் கீழ் 10-0 என்ற மிக மெல்லிய நைலான் நூலில் நரம்புறைத் தையல் மூன்று, மேலே ஃபைப்ரின் பசை. தையல்கள் நரம்பைச் சேர்த்து நிறுத்தத்தான், இழுத்துப் பிடிக்க அல்ல. மூன்று தையலில் நிற்கவில்லையென்றால் நான்காவது தையல் தீர்வல்ல, நீளம் போதவில்லை என்று அர்த்தம். முடிக்கும் முன் தாடையை அகலத் திறந்து, தலையை வலப்பக்கம் திருப்பி, இணைப்பைப் பார்த்துக் கொள்ள வேண்டும். தலை நேராக, வாய் மூடியிருக்கும்போது தளர்வாகத் தெரியும் இணைப்பு, முதல் கொட்டாவியில் பிய்ந்து போகலாம். வடிகுழாய் இணைப்பைத் தொடாத இடத்தில் வைக்கப்பட்டு, இரண்டாம் நாள் எடுக்கப்பட்டது.

அறுவைக்குப் பிறகு

இரண்டு வாரம் மென்மையான உணவு, மூன்று வாரம் வாயை அகலத் திறக்கத் தடை. ஒன்பதாம் நாள் வெட்டின் கீழ்ப்புறம் மெத்தென்ற வீக்கம், சாப்பிடும்போது பெரிதானது. பரோட்டிட் முன்விளிம்பைத் திறக்கும் அறுவையில் எச்சில் தேங்குவது எதிர்பார்க்க வேண்டியதே. ஊசியால் இரண்டு முறை உறிஞ்சி, அழுத்தக் கட்டுப் போட்டதில் அடங்கியது. அவசரப்பட்டுத் திறந்தால் இணைப்புக்கு ஆபத்து.

இணைப்பிலிருந்து தசைக்கு ஏறக்குறைய 5 செ.மீ. அந்தத் தூரத்துக்கு மட்டும் ஐம்பது நாள், இணைப்பைத் தாண்டவும் முனைத்தகட்டில் வேரூன்றவும் அதற்கு மேல். இந்த மாதங்களில் நோயாளி தினமும் கண்ணாடி பார்த்துச் சோர்ந்து போவார். முதல் அசைவு எப்போது, எப்படி வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் சோர்வு குறையும். பற்களை இறுகக் கடிக்கும்போது கடைவாய் ஒரு நூலளவு இழுபடும், சிரிக்க முயலும்போது அல்ல. இவருக்கு அது நான்காம் மாதத் தொடக்கத்தில் வந்தது.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. முதல் கட்டம், கண்ணாடி முன் கடித்துச் சிரிப்பது; ஒவ்வொரு அமர்விலும் சில நிமிடம், நாளில் பல முறை, தசை களைத்ததும் நிறுத்திவிட வேண்டும். இரண்டாம் கட்டத்தில் கடியை மெல்ல மெல்லக் குறைப்பது, நல்ல பக்கத்தின் அளவுக்கு மேல் போகாமல் பிடிப்பது. மாசெட்டர் பலமான நரம்பு என்பதால் பலருக்குச் சிக்கல் போதாமை அல்ல, மிகை. மூன்றாம் கட்டம், பற்கள் தொடாமலே சிரிப்பது. சாதாரணமானவர்களிடமே பலருக்குச் சிரிக்கும்போது மாசெட்டர் சற்று இயங்குகிறது. மூளைக்கு இந்த இரண்டும் அந்நியமல்ல என்பதால்தான் மூன்றாம் கட்டம் சாத்தியமாகிறது. ஆனாலும் அது எல்லோருக்கும் வருவதில்லை, பயிற்சியை நிறுத்தியவர்களுக்கு அநேகமாக வருவதே இல்லை. வீட்டில் மின்தூண்டல் கருவி வாங்கிக் கன்னத்தில் ஒட்டிக்கொள்வதைவிட, முகவாதப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் ஒரு மணி நேரம் உட்காருவது மேல்.

ஓராண்டு முடிவில்

கடைவாய் நகர்வு இடப்பக்கம் 10 மி.மீ., வலப்பக்கம் 13 மி.மீ. கடிக்காமல் சிரிக்க முடிகிறது, ஆனால் நினைத்தால் மட்டும். எதிர்பாராத வேடிக்கைக்கு வலப்பக்கம் முந்திக்கொள்கிறது. இடப்பக்கம் சற்றுத் தாமதமாகச் சேர்கிறது, சில நேரம் சேர்வதில்லை. ஓய்வில் இடது கடைவாய் 3 மி.மீ. தாழ்வாக நிற்கிறது. இது எதிர்பார்த்த குறை. தொடைப் படலத்திலிருந்து ஒரு பட்டை எடுத்துக் கடைவாயைத் தூக்கிக் கட்டலாம் என்று சொல்லப்பட்டது. நோயாளி இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

வெட்டாமல் விட்ட கிளைகளில் ஒரு சிறு ஆதாயம் கிடைத்தது. கட்டி அறுவைக்குப் பதினான்கு மாதம் கழித்துக் கீழிமையில் லேசான இறுக்கம் வந்து, கண் மூடும் இடைவெளி குறைந்தது. அசைவு என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் சொட்டு மருந்தின் எண்ணிக்கை பாதியானது. அடித்தண்டில் இணைத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

தொந்தரவு தந்தது ஒன்று: சாப்பிடும்போது கன்னம் மேலேறி, கீழிமை துடிப்பது. கிளையைக் கவனமாகத் தேர்ந்தும் இது வரக் காரணம், முகநரம்பின் சைகோமாட்டிக் (கன்ன எலும்பு) கிளைகளும் புக்கல் (கன்னம்) கிளைகளும் தங்களுக்குள் பின்னலாக இணைந்திருப்பதுதான். சில ஆக்ஸான்கள் அந்தக் குறுக்குவழியில் கண்ணுக்குப் போய்விடும். பயிற்சியில், கண்ணைத் தளர்வாக வைத்துக்கொண்டு மெதுவாக மெல்லப் பழகியதில் ஓரளவு குறைந்தது. மிச்சத்துக்குக் கீழிமைத் தசையில் இரண்டு இடங்களில், தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் ஓனபோட்டுலினம் டாக்சின் ஊசி, இடத்துக்கு 1.25 யூனிட். இந்தக் கண்ணுக்கு மூடும் பலம் ஏற்கெனவே குறைவு என்பதால் அளவைக் கூட்டவே கூடாது. ஒரே தடவையில் வலப்பக்கக் கீழுதட்டை இழுக்கும் தசைக்கும் 2.5 யூனிட் போடப்பட்டு, பேசும்போது வாய் ஒருபக்கம் இழுபடுவது சமனானது. யூனிட் கணக்கு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். வேறு பெயரில் மருந்து கிடைத்தால் இந்த எண்களை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. பலன் மூன்று நான்கு மாதம் நிற்கும், அடுத்த ஊசிக்கு முன் கருவிழியையும் இமை மூடலையும் மறுபடி பார்த்த பிறகே அளவு எழுதப்படும்.